ஊசி இல்லாமல் இலை தைக்கும் குருவி!
படம் எடுக்கப் போய்க் கூட்டைக் கெடுக்கலாமா?

பறவையைப் பார்க்க வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டும் என்பது இல்லை. கொல்லைப்புறக் கதவைத் திறந்தாலே போதும். கிணற்றடியில் மைனா, முருங்கை மரத்தில் அணில், வேலியில் ஓணான், செம்பருத்தியில் தேன்சிட்டு!

இந்தக் கூட்டத்தில் பெரிய கெட்டிக்காரி தையல்சிட்டு.

ஆள் சிறிது, அலகு முதல் வால் வரை அளந்தால் 13 சென்டிமீட்டர்தான். முதுகு பச்சை, வயிறு வெளுப்பு, உச்சந்தலை செம்பட்டை. வாலை நிமிர்த்தியே வைத்திருக்கும். ஆனால், குரல் மட்டும் பெரிது!

அலகே ஊசி

கூடு தைப்பது பெண் குருவி. அகலமான இலை ஒன்றைத் தேடிப் பிடிக்கும். அதன் இரண்டு ஓரங்களையும் பை போலச் சேர்க்கும். ஓர் இலை போதாவிட்டால், பக்கத்து இலையையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

அலகுதான் ஊசி. பஞ்சு, நார், சிலந்தி வலை ஆகியவைதான் நூல். இலை ஓரத்தில் துளை போட்டு, அதில் நூலைச் செருகும். பைக்குள்ளே பஞ்சு மெத்தை போடும். அதில் மூன்று, நான்கு முட்டைகள் இடும். சுமார் 12 நாளில் குஞ்சு பொரிக்கும்.

தைத்த இலை செடியிலேயே பச்சையாக இருக்கும். அதனால், காக்கைக்குக் கூடு இருப்பதே தெரியாது.

படத்தால் வரும் ஆபத்து

இன்று வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. கூட்டைக் கண்டதும் படம் எடுக்க ஆசை வருகிறது. மறைக்கும் இலையை ஒதுக்கிக் கட்டுகிறார்கள். படம் நன்றாக விழுகிறது. பிறகு நடப்பது என்ன?

கூட்டுக்குள் வெயில் அடிக்கிறது. காக்கையும் செம்போத்தும் குஞ்சைக் கண்டுகொள்கின்றன. ஆள் நகரும் வரை, தாய்க்குருவி வாயில் பூச்சியோடு வேலியில் தவிக்கிறது. உள்ளே குஞ்சுகள் பசியால் வாடுகின்றன!

காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதையும் முட்டையைச் சேதப்படுத்துவதையும் வேட்டையாடுவதோடு சேர்த்தே சொல்கிறது, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

நல்ல படத்துக்கு வழி

ஜன்னல் ஓரம் நின்று எடுங்கள், குருவி பயப்படாது. காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பளிச்சென்று வெளிச்சம் போட வேண்டாம். பூனை எட்டாத இடத்தில், அகலமான மண் தட்டில் தண்ணீர் வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பறவைகள் தாமாகவே தேடி வரும்.

இதைச் சிறுபிள்ளை வேலை என்று நினைக்க வேண்டாம். காட்டு யானைகளைப் படம் பிடித்துப் புகழ்பெற்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). அவர் வீட்டைச் சுற்றித் திரியும் சிறு பிராணிகளையும் விடவில்லை. 1950-ம் ஆண்டு முதல் காலமாகும் வரை, ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்.

பொரித்த குஞ்சு பறக்க, ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை பொறுத்திருங்கள். பிறகு குஞ்சுகள் தாமே வெளியே வந்து, கிளையில் ஒட்டி உட்கார்ந்து, தாயிடம் இரை கேட்கும்.

அப்போது எடுங்கள் படம்!