சிறுவடிவ மோட்டார் வண்டி

பெரும்பொருள்களைச் சிறுவடிவிற் கண்டு களித்தல் மக்களுக்கு இயல்பாயமைந்த விருப்பங்களுள் ஒன்று. தேரூர்ந்த வேந்தர் காலத்தில் அவர்தம் மக்கள் சிறுதேர் உருட்டி விளையாடினர். அவ்விளையாட்டை நம் புலவர்களும் புறக்கணித்தாரல்லர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவமேயன்றோ? தேர் சென்ற வீதியில் மோட்டார் வண்டி செல்லத் தொடங்கிய பின்னர், சிறுதேரின் இடத்தைச் சிறுவடிவ மோட்டார் வண்டி பற்றிக்கொண்டது வியப்பன்று. ஆயின், ஈண்டுக் கூறப்புகுவது கடையில் வாங்கிச் சின்னாளில் உடைத்தெறியும் விளையாட்டுப் பொருளைப்பற்றியன்று. ஒருவன் தன் கருத்துக்கிசைய, அளவு பிழையாது, தன் கையாலேயே சமைத்து வண்ணமும் தீட்டும் மாதிரி வண்டியைப்பற்றியதாகும். இதனைச் சிறுபிள்ளை வேலையென்று எண்ணுவார் பலர். கண்ணுக்கும் கைக்கும் கருத்துக்கும் ஒருங்கே பயிற்சி தருவதொரு கல்வி இது என்பதை இக்கட்டுரையிற் காட்ட முயல்வோம்.

முதற்கண் அளவைப்பற்றி அறிதல் வேண்டும். மெய்யான வண்டியில் ஓரடி நீளமுள்ளதை மாதிரியில் ஓரங்குலமாகக் காட்டின், அம்மாதிரி பன்னிரண்டில் ஒரு பங்காகும். அதனை 1/12 என்று குறிப்பர். அரையங்குலமாகக் காட்டின் 1/24 ஆகும். இதனோடு 1/25 என்னும் அளவும் அமெரிக்க நாட்டிற் பெருவழக்காயுள்ளது. 1/43 என்னும் அளவு பிறந்த வரலாறு வேறு. ஆங்கில நாட்டில் ‘ஓ’ அளவு எனப்படும் சிறுவடிவ இரயில்களை ஓரடிக்கு 7 மில்லிமீட்டர் என்னும் கணக்கில் அமைத்தனர். ஓரடி 304.8 மில்லிமீட்டராதலின், அதனை ஏழால் வகுக்க ஏறக்குறைய 43½ வரும். அவ்விரயில் நிலையங்களின் முன்னர் நிறுத்துதற்கேற்ற சிறு மோட்டார் வண்டிகளும் அவ்வளவையே தழுவின.

இங்ஙனம் நீளத்தைச் சுருக்குதல் எளிது. எல்லாவற்றையும் ஒருபடித்தாகச் சுருக்குதலோ இயலாது. 5 மீட்டர் நீளமுள்ள வண்டியை 1/25 அளவிற் சமைத்தால் 20 சென்டிமீட்டர் நீளமுடையதாகும். நீளம் 25-ல் ஒரு பங்காகுமிடத்துப் பரப்பு 625-ல் ஒரு பங்காகும். கனவளவு 15,625-ல் ஒரு பங்காகும். ஆயின், அதனை நோக்கும் கண் சுருங்குவதில்லை. அதன்மேல் விழும் ஒளி சுருங்குவதில்லை. காற்றில் மிதந்துவரும் தூசியும் சுருங்குவதில்லை. தொழிற்சாலையில் உண்மை வண்டிமீது பூசப்பெறும் வண்ணப்பூச்சின் மொத்தத் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதே தடிப்பு 1/25 மாதிரியின்மீது இருப்பின், உண்மை வண்டியில் 2.5 மில்லிமீட்டர் தடிப்பாக வண்ணத்தை அப்பியதற்கு ஒப்பாகும். மேலும், வண்டியின் கதவைச் சுற்றியுள்ள இடைவெளி 4 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மாதிரியில் அது 0.16 மில்லிமீட்டர். அவ்விடைவெளியின் இருபக்கமும் 0.1 மில்லிமீட்டர் வண்ணம் படியுமாயின் கதவென்பதொன்று இருந்த சுவடே மறைந்துபோம். இதனாலன்றோ தேர்ந்தார் வண்ணந்தீட்டுமுன் அவ்விடைவெளிகளைக் கூரிய ஊசியாற் கீறி ஆழப்படுத்துகின்றனர்! பொருள் சிறிதாகுந்தோறும் அதன்கட் பிழை பெரிதாகத் தோன்றும் என்பதே இக்கலையின் முதல் விதி.

இனி, வண்டியைச் சமைக்குமாற்றைக் காண்போம். இதற்கு வழி இரண்டு. மரக்கட்டையையோ பாரிஸ் சாந்துக் கட்டியையோ செதுக்கி உருவாக்குதல் ஒன்று. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் அச்சில் வார்த்து விற்கப்பெறும் உறுப்புக்களை வாங்கிப் பொருத்துதல் மற்றொன்று. முதலாவதிற் பெரிய இடர்ப்பாடு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கச் செய்தல். அதற்குத் தடித்த அட்டையில் ஒரு பக்கத்தின் வளைவை வெட்டிக்கொண்டு, அவ்வட்டையையே திருப்பி மறுபக்கத்தில் வைத்து, ஒளி புகும் இடமெல்லாம் குறித்துக்கொண்டு செதுக்குவர். இரண்டாவதில் ஒட்டுதலே முதன்மையானது. பாலிஸ்டைரீனுக்குரிய பசை, நாம் தாளுக்கு இடும் பசை போல்வதன்று. அஃது இரண்டு விளிம்புகளையும் சிறிது இளக்கி ஒன்றோடொன்று கலக்கச்செய்து, பின்னர்த் தான் ஆவியாகிப்போகும். ஆதலின் மிகுதியாக இடின் உறுப்பே உருகிக் கெடும்.

அச்சில் வார்த்த உறுப்புக்களைக் கொண்டு செய்வதாயின் அவரவர் கருத்துக்கு இடமேது என்று சிலர் வினவலாம். அமெரிக்காவில் ஏ.எம்.டி. என்னும் நிறுவனத்தார் 1958-ஆம் ஆண்டில் ஒரே பெட்டியில் மூன்று வகையாகச் செய்தற்குரிய உறுப்புக்களை வைத்து விற்கத் தொடங்கினர். தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே செய்யலாம். பந்தய வண்டியாகச் செய்யலாம். அன்றித் தன் மனம்போல் உருமாற்றியும் செய்யலாம். இம்மூன்றாம் வகையே பல்லாயிரம் இளைஞரைக் கவர்ந்தது. அக்காலத்துக் கலிபோர்னியா இளைஞர் பழைய வண்டிகளின் கூரையைத் தாழ்த்தியும் அணிகளை நீக்கியும் புதுக்கோலம் புனைந்தவாறே, மேசைமீதும் செய்யலாயினர்.

கூரையைத் தாழ்த்துதல் கேட்பதற்கு எளிது. தூண்களில் ஒரு துண்டை அறுத்தெடுத்துக் கூரையைக் கீழே இறக்கினாற் போதுமென்று தோன்றும். செய்யப் புகுந்தவுடன் உண்மை விளங்கும். முன்தூண்கள் பின்னோக்கியும் பின்தூண்கள் முன்னோக்கியும் சாய்ந்திருத்தலின், நடுத்துண்டு நீங்கியபின் மேற்பாதியின் கால்கள் கீழ்ப்பாதியின் கால்கள்மேற் பொருந்தா. கூரை குறுகிநிற்கும். அதனைக் குறுக்கே அறுத்து, இடையில் ஒரு பட்டையைச் சேர்த்து நீட்டல் வேண்டும். வடிவகணித நூலிற் படித்துத் தேர்வில் எழுதி மறந்த உண்மையொன்றை மாணவன் இங்கே கைவிரலால் அறிகின்றான்.

வடிவம் முடிந்தபின் வண்ணந் தொடங்கும். உண்மையில் வண்ணம் தீட்டுதலிற் பெரும்பகுதி தீட்டுமுன்னரே நடைபெறுவது. இணைப்புக்களிலும் பள்ளங்களிலும் பட்டியிட்டு, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீராற் கழுவிக் கையிலுள்ள எண்ணெய்ப்பசை படியாவண்ணம் காத்தல் வேண்டும். அதன்பின் சாம்பல் நிறமான அடிப்பூச்சு. அதற்குப் பயன் மூன்று: மேல்வண்ணம் பற்றுதற்கு இடந்தரும், மேல்வண்ணத்திலுள்ள தின்னர் பிளாஸ்டிக்கை அரியாமல் ஓரளவு காக்கும், அதுகாறும் மறைந்திருந்த கீறல்களையெல்லாம் காட்டிக்கொடுக்கும். பலநிறப் பரப்பில் ஒளிந்திருந்த குற்றம் ஒருநிறப் பரப்பில் ஒளிய இடமின்றி வெளிப்படும். ஆதலின் அடிப்பூச்சை ஒரு பூச்சென்று கருதாமல் ஒரு தேர்வாளரென்று கருதுதல் நன்று. அவர் காட்டிய பிழைகளைத் திருத்தி, மீட்டும் பூசி, மீட்டும் தேய்த்தல் வேண்டும்.

மேல்வண்ணத்தைத் தூரிகையால் தீட்டின் மயிர்க்கோடுகள் நிற்குமாதலின், காற்றழுத்தத்தாற் புகைபோல் வண்ணம் பீச்சும் ஏர்பிரஷ் என்னும் கருவியை ஆளுவர். அக்கருவியைப் பரப்பிலிருந்து மிகத் தொலைவிற் பிடித்தால், வண்ணத்துளிகள் வழியிலேயே பாதி உலர்ந்து, பரந்து சமமாகாமல் நாரத்தைத் தோல்போற் கரடுமுரடாக நிற்கும். மிக அருகிற் பிடித்தால் வண்ணம் வழிந்தோடும். ஈரமிக்க நாளில் வார்னிஷ் வகை வண்ணங்களைப் பீச்சுவோர்க்கு வேறோர் இடையூறு உண்டு. தின்னர் விரைந்து ஆவியாகுங்கால் பரப்பின் வெப்பத்தைக் கவர்ந்துசெல்லும். குளிர்ந்த பரப்பின்மேற் காற்றிலுள்ள ஈரம் பனிபோற் படிந்து வண்ணத்தை வெளிறச் செய்யும். மெல்லிய பூச்சுக்கள் பலவாகவும், ஒவ்வொன்றும் உலர இடந்தந்தும் பூசுதலே இவற்றிற்கெல்லாம் மருந்து. மூடிய அறையில் இவ்வேலையைச் செய்தல் தகாது. தின்னரின் ஆவி உடலுக்குத் தீங்கு பயப்பதாதலின், காற்றோட்டமும் தக்க முகமூடியும் இன்றியமையாதன.

வண்ணங்களுள் மிகவும் வியக்கத்தக்கது ‘கேண்டி’ என்று பெயர்பெற்ற கற்கண்டு வண்ணம். மெய்யான வண்டிகளில் இதன் செந்நிற வகையை வழக்கிற்குக் கொணர்ந்தவராகப் புகழ்பெற்றவர் கலிபோர்னியாவைச் சார்ந்த ஜோ பெய்லன். முதலில் வெள்ளி நிறமோ பொன்னிறமோ பூசி, அதன்மேல் ஒளிபுகும் செவ்வண்ணத்தைப் பலமுறை பீச்சுவர். ஒளி செவ்வண்ணத்தினூடு சென்று, அடியிலுள்ள வெள்ளிப்பரப்பிற் பட்டு மீளுதலின், நிறம் உள்ளிருந்தே சுடர்வதுபோற் காணும். ஒவ்வொரு பூச்சும் நிறத்தை ஆழமாக்குவதால், ஓரிடத்தில் ஒருமுறை கூடிவிட்டாலும் அவ்விடம் கோடாகக் கருத்துத் தோன்றும். அன்றியும், உண்மை வண்டியில் நுண்பொடியாய் மின்னும் உலோகத்துகள் சிறுவடிவிற் கூழாங்கற் பரப்பியதுபோலாகும். ஆதலின் மிக நுண்ணிய துகளையே தெரிந்துகொள்ளல் வேண்டும். முற்றும் உலர்ந்தபின் வரவர நுண்ணிய உப்புத்தாள்களால் நீரோடு தேய்த்து மெருகிடுவர். சாளரச் சட்டத்தின் நிழல் அப்பரப்பில் நெளியாமல் நேராகத் தோன்றுமாயின் வேலை செவ்விதென்க.

இத்துணை உழைப்பால் விளையும் பயன் யாது? இவ்வினாவிற்கு விடையாக ஒரு வரலாற்றைக் கூறுவோம். அமெரிக்க நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்ததும் வண்டிகளின் மேற்கட்டுமானத்தைச் செய்ததுமாகிய பிஷர் பாடி என்னும் பிரிவினர், 1930-ஆம் ஆண்டில் சிறுவர்க்கெனக் கைவினைஞர் கழகம் ஒன்றை நிறுவினர். தம் இலச்சினையில் விளங்கிய, நெப்போலியன் காலத்துக் குதிரைவண்டியின் மாதிரியைச் சமைத்து அனுப்புமாறு 12 முதல் 19 வயதுக்குட்பட்ட சிறுவர்களை அழைத்தனர். மரவேலை, உலோகவேலை, தையல், வண்ணம் ஆகிய அனைத்தும் அவ்வொரு வண்டியில் அடங்கின. வென்றோர்க்குப் பரிசு கல்லூரியிற் பயிலுதற்குரிய உதவித்தொகை. நாடு பொருளாதார வீழ்ச்சியால் நலிந்திருந்த அந்நாளில், கைத்திறனன்றி வேறு முதலில்லாத சிறுவனுக்கு அது கல்லூரி வாயிலைத் திறக்கும் திறவுகோலாயிற்று.

1937-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி மாதிரிகளும் இப்போட்டியிற் சேர்ந்தன. சிறுவர் இங்கே பிறர் தந்த படத்தைப் பின்பற்றவில்லை. எதிர்கால வண்டி இவ்வாறிருத்தல் வேண்டுமென்று தாமே கருதி, 1/12 அளவில் செய்தனுப்பினர். இரண்டாம் உலகப்போருக்குப்பின் குதிரைவண்டி மறைந்து, மோட்டார் வண்டியே போட்டிப் பொருளாயிற்று. 1947-ஆம் ஆண்டிற் பரிசு பெற்ற சார்லஸ் ஜோர்டன் என்னும் இளைஞர் 1949-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்திலேயே பணிபுரியச் சேர்ந்தார். பின்னர் 1986 முதல் 1992 வரை அதன் வடிவமைப்புத் துறை முழுவதற்கும் தலைவராக விளங்கினார். சிறுவண்டி சமைத்த கை பெருவண்டிக்கு வடிவளித்தது.

இது தற்செயலாய் நிகழ்ந்ததன்று. பெருவண்டிகளும் முதலிற் சிறுவண்டிகளாகவே பிறக்கின்றன. 1927-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸின் கலை வண்ணப் பிரிவிற்குத் தலைமை பூண்ட ஹார்லி ஏர்ல், களிமண்ணால் மாதிரி செய்து வடிவம் காணும் முறையைத் தொழிலில் நிலைபெறுத்தினார். கணிப்பொறி வந்த பின்னரும் வடிவமைப்புக் கூடங்களில் களிமண் மாதிரி ஒழிந்துவிடவில்லை. திரையிற் கண்டு மகிழ்ந்த வளைவு வெயிலில் எவ்வாறு தோன்றுமென்பதை, கைதொட்டு உருவாக்கிய பரப்பே ஐயமின்றி உணர்த்துகின்றது.

எனினும், அக்கழகத்தின் குறையையும் கூறாதுவிடலாகாது. அது சிறுவர்க்கே உரியதாயிருந்தது. சிறுமியர்க்கு அதன்கண் இடமில்லை. கைத்திறனும் அழகுணர்வும் ஒரு பாலார்க்கே உரியவென்று கருதியதால், எத்தனை நற்கைகள் உளியைத் தொடாமலே ஒழிந்தனவோ! அக்கழகமும் 1968-ஆம் ஆண்டோடு முடிவெய்தியது. அது திறந்துவைத்த வாயில் அடைபட்டது ஓர் இழப்பேயாம்.

இக்காலத்தில் கணிப்பொறியில் வடிவை வரைந்து முப்பரிமாண அச்சுப்பொறியால் வண்டியின் உடலைச் சில மணி நேரத்தில் ஆக்கிக்கொள்ளலாம். இதனாற் கைவேலைக்கு இனி இடமில்லையென்று கருதுவார் கருதுக. அச்சிட்ட உடலின்மேல் அடுக்கடுக்காய் வரிகள் நிற்கும். அவற்றைத் தேய்த்து நீக்குவது கையே. வண்ணம் எவ்வளவு போதும், எப்போது நிறுத்தல் வேண்டும் என்று அறிவது கண்ணே. உலராத வண்ணத்தைத் தொடாமல் ஓரிரவு காத்திருக்கும் பொறுமையை எப்பொறியும் நமக்கு அச்சிட்டுத் தாராது.

மாணவ நண்பர்களே! நாம் தேர்விற் பெறும் எண்கள் நம் பிழைகளைக் கூட்டிக் கழித்து ஒரு தொகையாகச் சொல்லிவிடுகின்றன. எப்பிழை எங்குள்ளதென்பதை நாம் மீட்டும் நோக்குதல் அரிது. உள்ளங்கையளவான ஒரு மாதிரி வண்டியோ, செய்தவன் எவ்விடத்தில் விரைந்தான், எவ்விடத்திற் சோர்ந்தான், எவ்விடத்தில் இது போதுமென்று தன்னைத் தானே ஏமாற்றினான் என்பதையெல்லாம் ஒளிவுமறைவின்றிக் காட்டும். காட்டியபின் திருத்திக்கொள்ள இடமும் தரும். பெரும்பொருட் செலவு இதற்கு வேண்டுவதில்லை. மென்மரத் துண்டொன்றும், கூரிய கத்தியும், சிறிது உப்புத்தாளும், விடுமுறை நாட்களும் போதும். முதல் வண்டி கோணலாகவே அமையும். அதனை எறிந்துவிடாமல் மேசைமீது வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தொடங்குக. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் நாளிற் கை கற்றது இதுவென்று கண் தெளிவாக அறியும்.