மடிக்கணினி வாங்குமுன்...

கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்கு ஏடும் பேனாவும் எவ்வளவு அவசியமோ, இன்று மடிக்கணினியும் அவ்வளவு அவசியமாகிவிட்டது. ஆனால் பேனா கெட்டால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம், மடிக்கணினி அப்படியன்று. எரியோடு, வேடசந்தூர்ப் பக்கத்து வீடுகளில், நூற்பாலையில் உழைத்தும், பூவும் முருங்கையும் விற்றும் பெற்றோர் சேர்த்த பணம் ஒரே நாளில் அதற்குப் போய்விடுகிறது. அது இரண்டே ஆண்டில் முடங்கிவிட்டால் மறுபடி வாங்க வழி ஏது? ஆதலால் குறைந்த பணத்தில் நிலைத்து உழைக்கும் கணினியைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாணவியரும் பெற்றோரும் அறிந்திருப்பது நலம்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு நம் திண்டுக்கல் பூட்டு. அதை வாங்குபவர் மேல் மெருகைப் பார்த்து மயங்குவதில்லை. உள்ளே எத்தனை லீவர் என்றுதான் கேட்கிறார். கணினிக்கும் அதுவே விதி. நிறத்தையும் மெலிவையும் பாராதீர்கள். உள்ளே இருப்பது என்ன, கெட்டால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே உள்ளதா?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவ மாணவியர் பல லட்சம் பேர் அதனால் பயன் பெற்றனர். அக்காளுக்குக் கிடைத்த அந்தக் கணினி இன்று பல வீடுகளில் பீரோவின் மேல் தூங்குகிறது. முதலாண்டில் வந்தவற்றில் 2 ஜி.பி. நினைவகமே இருந்தது, அவை இன்றைய வேலைக்குப் போதா. ஆனால் பின்னாளில் வந்த 4 ஜி.பி. கணினியை எளிதில் தள்ளிவிட வேண்டாம். அதன் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் வெகுவாகக் கூடும். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை அதில் நிறுவினால், கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் பாடக் காணொலி பார்க்கவும் உதவும். புதியது வாங்கும் விலையில் இதற்கு ஆவது ஒரு சிறு பங்கே.

அடுத்து, சேரவிருக்கும் கல்லூரியிலும் விசாரியுங்கள். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என 2025-26ஆம் ஆண்டு தமிழக நிதிநிலை அறிக்கை அறிவித்தது. தமக்கு அது கிடைக்குமா என்று தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய உறுப்புகள்

வாங்கியே ஆக வேண்டுமெனில், முதலில் வேலையைச் சொல்லுங்கள். பி.ஏ., பி.காம். மாணவிக்குத் தேவைப்படுவது வேறு. பொறியியல் வரைபடம் போடுபவளுக்குத் தேவைப்படுவது வேறு. பின்னவள் தன் துறை ஆசிரியரைக் கேட்காமல் வாங்கலாகாது. மற்றவர்களுக்குக் கீழ்க்கண்டவை போதும்.

ராம் எனப்படும் நினைவகம், நாம் எழுத உட்காரும் மேசை போன்றது. மேசை சிறிதானால் ஒரு புத்தகத்தை மூடித்தான் இன்னொன்றை விரிக்க முடியும். 8 ஜி.பி. இருக்கட்டும், பிறகு கூட்டிக்கொள்ள இடம் உண்டா என்றும் கேளுங்கள். சில கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றில் கூடுதல் இடமும் இல்லையென்றால் பின்னர் ஒன்றும் செய்ய இயலாது.

சேமிப்பகம் என்பது புத்தக அலமாரி. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதுமானது. மிக மலிவான சில கணினிகளில் 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. என்ற வகை இருக்கும். விண்டோஸே அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி மாற்றவும் முடியாது. விலை குறைவென்று இதில் ஏமாற வேண்டாம்.

புதிதா, பழையதா?

பணம் மிகக் குறைவானால், புத்தம் புதிய மட்டமான கணினியைவிட, நல்ல ரகத்தில் பழையதே மேல். நிறுவனங்களில் சில ஆண்டுகள் உழைத்தபின் விற்பனைக்கு வரும் திங்க்பேட், லேட்டிட்யூடு, எலைட்புக் போன்றவை அலுவலக உபயோகத்துக்கென உறுதியாகச் செய்யப்பட்டவை. அவற்றில் பலவற்றுக்கு உதிரிப் பாகங்களும் எளிதில் கிடைக்கும்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் பொதுவாக நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்கு, இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இதை அறிவது எளிது. ஐ5-7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. 10, 11, 12 என்று தொடங்கும் எண்கள் இன்னும் பிந்தியவை. ஏழாம் தலைமுறைக் கணினியை "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்" என்று விற்றால் விலகி வாருங்கள்.

பழையதைச் சோதிக்க அரைமணி நேரம் கடையில் உட்காருங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒவ்வோர் எழுத்தையும் தட்டிப் பாருங்கள். திரையைத் திறந்து மூடி, கீல் தளர்ந்துள்ளதா என்று பாருங்கள். கேமரா, ஒலிபெருக்கி, எல்லாத் துளைகளையும் சோதியுங்கள். ஒரு காணொலியை ஓடவிட்டு, அடிப்புறம் அளவு மீறிச் சுடுகிறதா என்று தொட்டறியுங்கள். பேட்டரியின் ஆதிக் கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் எவ்வளவு என்ற அறிக்கையை விண்டோஸே தரும். அதைக் காட்டச் சொல்லுங்கள். கணினியின் அடியிலுள்ள வரிசை எண் ரசீதில் இருக்கட்டும். ரசீதில்லாப் பொருள் திருட்டுப் பொருளாயிருக்கக் கூடும்.

பணமும் பராமரிப்பும்

"மாதம் 2,500 ரூபாய்தான்" என்ற சொல்லில் மயங்காமல் பெருக்கிப் பாருங்கள். முன்பணம் 5,000, பன்னிரண்டு தவணை 30,000, ஆக 35,000 ரூபாய். அதே பொருள் ரொக்கத்துக்கு 31,000 என்றால் 4,000 ரூபாய் வட்டியாகப் போகிறது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவி அதைத் தொடாமல் சேர்த்தால், இரண்டாண்டில் 24,000 ரூபாய் ஆகும். முதலாண்டை வீட்டுப் பழைய கணினியில் ஓட்ட முடிந்தால், பிறகு கடனின்றி வாங்கலாம்.

புதியதானால், உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுது பார்க்க வீட்டுக்கு வருவார்களா, நாம் தூக்கிச் செல்ல வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். பழுதுநிலையம் திண்டுக்கல்லில் இருப்பதற்கும் சென்னையில் இருப்பதற்கும் வித்தியாசம் பெரிது.

வாங்கிய பின் மெத்தைமேல் வைத்து உபயோகிக்காதீர்கள். காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறும். எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கிலேயே சார்ஜ் செய்யுங்கள். பாடக் குறிப்புகளுக்கு எப்போதும் இரண்டாம் பிரதி ஒன்று வைத்திருங்கள்.

மாணவிகளே! கடைக்குப் போகுமுன் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் தருபவர் தந்தையாக இருக்கலாம். கேள்வி கேட்க வேண்டியவர் நீங்களே. கேட்டு வாங்கிய பொருள் உங்கள் படிப்பு முடியும்வரை துணை நிற்கும். அடுத்து தங்கைக்கும் பயன்படும்.