ஒரே தோசைக்கல்லில் பல ஊர்

ஊரிலிருந்து மும்பைக்கு வரும் சொந்தக்காரர்கள் முதல் நாள் சாயங்காலமே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். "தோசைக்குள்ள எதுக்குப்பா சைனீஸைப் போடுறாங்க?" கேட்கும்போது குரலில் கொஞ்சம் வருத்தமும் இருக்கும். செம்பூரில் ஏதாவது ஒரு சின்ன கஃபேயில் உட்கார்ந்து மெனு அட்டையைக் கையில் எடுத்தால் அந்த வருத்தம் புரியும். ஷெஷ்வான் தோசை, பாவ் பாஜி தோசை, சீஸ் மைசூர் மசாலா, பன்னீர் சில்லி தோசை, ஜினி தோசை என்று வரிசை நீண்டுகொண்டே போகும். சாதா தோசையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கட்டிங் டீ வரட்டும். இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதை சமையலறையில் தொடங்கவில்லை. பிளேக் நோயில் தொடங்குகிறது.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. நெருக்கியடித்துக் கிடந்த தெற்குப் பகுதிகளிலிருந்து மக்களை வடக்கே நகர்த்த, 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை அரசு உருவாக்கியது. தாதர், மாட்டுங்கா பக்கம் அகலமான சாலைகளும் பூங்காக்களும் மூன்று மாடி வீடுகளுமாக இன்று நாம் பார்க்கும் குடியிருப்புகள் அந்தத் திட்டத்தில் வந்தவை. ஆங்கிலம் படித்து, டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, அரசாங்க அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள். 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி அவர்களுடைய பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கியது. பள்ளிக்கூடம் வந்துவிட்டால் குடும்பங்கள் நிலைத்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு முன்பும் பின்பும் தனியாக வந்த இளைஞர்களுக்குச் சோறு வேண்டியிருந்தது.

சோறு போட வந்தவர்கள் பெரும்பாலும் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக்காரர்கள். ஏ. ராமா நாயக் 1936இல் கஃபே மைசூரைத் தொடங்கினார். 1939இல் ராம் ஆஷ்ரயா வந்தது. 1940இல் காமத் குடும்பத்தின் கஃபே மெட்ராஸ். 1942இல் அதே ராமா நாயக், மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டி ஸ்ரீகிருஷ்ண போர்டிங்கைத் திறந்தார். இலை போட்டுச் சாப்பாடு இன்றும் அங்கே நடக்கிறது. ஏழு வருடத்துக்குள் இவ்வளவும் வந்திருக்கின்றன. எனக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை. ஒரு நகரம் தன்னிடம் புதிதாக வந்தவர்களுக்குச் சாப்பாடு போடக் கற்றுக்கொண்ட காலம் அது.

இங்கே நாம் வழக்கமாகக் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. கடைப் பெயரில் மெட்ராஸ் இருக்கும். அடுப்படியில் கன்னடமும் கொங்கணியும் துளுவும் கேட்கும். சாப்பிட உட்கார்ந்தவர்களில் தஞ்சாவூர்க்காரர், பாலக்காட்டுக்காரர், திருநெல்வேலிக்காரர் எல்லோரும் இருப்பார்கள். சாம்பாரில் ஒரு துண்டு வெல்லம் விழும். அந்த இனிப்பைத் தமிழர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தெரு குஜராத்திகளும் கட்ச் பகுதிக்காரர்களும் விரும்பிச் சாப்பிட்டார்கள். சுத்தமான பழைய தென்னிந்தியச் சாப்பாடு என்று இன்று நாம் கொண்டாடும் மாட்டுங்கா சாப்பாடே கலந்து உருவானதுதான்.

குஜராத்தி வாடிக்கையாளர் வந்ததும் இன்னொன்று நடந்தது. சைவச் சாப்பாட்டிலேயே பல வகை இருப்பது அடுப்படிக்குத் தெரிய வந்தது. ஜைனர்களுக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் ஆகாது. மசாலா தோசை வேண்டும், ஆனால் மண்ணுக்குள் விளைந்தது எதுவும் கூடாது. உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் வேகவைத்த வாழைக்காய் உட்கார்ந்தது. ஜைன் மசாலா தோசையை நம் ஊர்க்காரர்கள் ஒருமுறையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாழைக்காய்ப் பொடிமாஸைத் தோசைக்குள் வைத்தது போல இருக்கும், நம் நாக்குக்குக் கொஞ்சமும் அந்நியமாகத் தெரியாது.

நான் சொல்ல வரும் விஷயம் இந்த வாழைக்காயில் இருக்கிறது. தோசைக்குள் புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட எதுவும் கண்டபடி வந்து விழவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்த ஒன்றின் இடத்தில், அதற்கு ஒத்த ஒன்றுதான் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மெனு அட்டையை மறுபடி படித்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பாவ் பாஜி தோசையை எடுத்துக்கொள்வோம். பாவ் பாஜி பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களின் அவசரச் சாப்பாடாகப் பிறந்தது என்பார்கள். கையில் இருக்கும் காய்களை உருளைக்கிழங்கோடு பெரிய கல்லில் போட்டு, வெண்ணெயும் தக்காளியும் சேர்த்து மசித்துப் பாவ் ரொட்டியோடு கொடுத்தார்கள். இதற்கும் மசாலா தோசையின் உள்ளடக்கத்துக்கும் எவ்வளவு தூரம்? இரண்டும் மசித்த உருளைக்கிழங்குதான். இரண்டுக்கும் தட்டையான கல்தான். தோசைக்காரர் பக்கத்து வண்டியில் பாஜி மசிக்கும் கம்பியைப் பார்த்தார், தானும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். மும்பைத் தெருவின் மைசூர் மசாலா இப்படித்தான் வருகிறது. மைசூரில் தோசையின் உட்புறம் சிவப்புச் சட்னியைத் தடவி, பல்யா என்ற உருளைக்கிழங்குப் பொரியலை உள்ளே வைத்து மடிப்பார்கள். மும்பையில் வெங்காயம், தக்காளி, குடமிளகாய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தோசையின் மேலேயே போட்டு, வெண்ணெய்க் கட்டியை வைத்து, அங்கேயே மசித்துவிடுகிறார்கள்.

ஷெஷ்வான் விஷயம் இன்னும் சுவாரசியமானது. கல்கத்தாவின் சீனக் குடும்பம் ஒன்றில் பிறந்த நெல்சன் வாங், 1975இல் பம்பாயின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக்கொண்டிருந்தபோது சிக்கன் மஞ்சூரியனைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது வழக்கம். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் என்று நம் தாளிப்புச் சாமான்களோடு, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸும் சோளமாவும். அந்த வழியில் வந்த இந்தியச் சீனச் சமையல் நகரம் முழுக்கத் தெருவண்டிகளுக்கு இறங்கியது. சிச்சுவான் மாகாணத்துச் சமையலில் நாக்கை மரத்துப்போகச் செய்யும் ஒரு மிளகு உண்டு. மும்பையின் ஷெஷ்வான் சட்னியில் அது கிடையாது. இங்கே இருப்பது காய்ந்த மிளகாய், நிறையப் பூண்டு, எண்ணெய், கொஞ்சம் வினிகர், கொஞ்சம் சோயா. மைசூர் மசாலாவுக்குத் தடவும் சிவப்புச் சட்னியில் என்ன இருக்கிறது? காய்ந்த மிளகாயும் பூண்டும். ஆக, தோசையின் உட்புறத்தில் மிளகாய்ப் பூண்டுச் சட்னிக்கு ஓர் இடம் முன்பே இருந்தது. ஷெஷ்வான் வந்து அதில் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

இப்போது கல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்போம். காட்கோபரின் காவ் கல்லி என்ற தின்பண்டத் தெருவில் பேர்பெற்று, செம்பூர்க் கஃபேக்களுக்கும் வந்துவிட்ட ஜினி தோசையை ஒருவர் போடுவதைப் பாருங்கள். கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் துடைக்கிறார். சுத்தத்துக்கு மட்டும் இல்லை. கல் அதிகமாகக் காய்ந்திருந்தால் மாவு விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு கரண்டியோடு சுருண்டு வரும். தண்ணீர் சூட்டை ஒரு படி இறக்குகிறது, மாவு வழுக்கிக்கொண்டு பரவுகிறது. மேல் ஈரம் வற்றியதும் முதலில் வெண்ணெய். இந்த வரிசை முக்கியம். வெண்ணெயின் கொழுப்பு தோசைமேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்தால்தான் அடுத்து விழும் ஈரக் காய்கள் மொறுமொறுப்பைக் கெடுக்காது. பிறகு ஷெஷ்வான், நீளமாக நறுக்கிய கோஸ், குடமிளகாய், வெங்காயம். அவற்றைத் தோசை முழுக்க இழுத்துவிட்டு, கடைசியில்தான் சீஸைத் துருவுகிறார். சீஸ் ஓட ஆரம்பித்ததும் தோசையை நீள நீளமாக வெட்டி, ஒவ்வொன்றையும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டித் தட்டில் நிமிர்த்தி வைக்கிறார். மேலே இன்னொரு பிடி சீஸ்.

அந்த சீஸைப் பற்றி ஒரு வார்த்தை. பல மாதம் பழுக்கவைத்த நல்ல சீஸை இந்தக் கல்லில் போட்டால் எண்ணெய் தனியாகவும் கட்டி தனியாகவும் பிரிந்துவிடும். கடைகளில் கிடைக்கும் பிராசஸ்டு சீஸில் சிட்ரேட், பாஸ்பேட் வகை உப்புகளைச் சேர்க்கிறார்கள். அவை கொழுப்பையும் புரதத்தையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்து வைப்பதால், அது அவ்வளவு சூட்டிலும் வழவழவென்று ஓடுகிறது. தெருக்கல்லுக்கு அமுல் சீஸ் பொருந்திப்போனது விலையால் மட்டும் இல்லை, குணத்தாலும்தான். முன்பு நெய் இருந்த இடம் அது.

எல்லாக் கலப்பும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நூடுல்ஸ் வைத்த தோசை எனக்கு ஒப்பவில்லை. அரிசி மாவுக்குள் கோதுமை மாவு. மாவுக்குள் மாவை வைத்தால் பல்லுக்கும் வேலை இல்லை, நாக்குக்கும் வேலை இல்லை. அதற்கு முன்னால் அந்த இடத்தில் எதுவும் இருந்ததில்லை, அதனால் அது அங்கே ஒட்டுவதும் இல்லை. சாக்லேட் தோசைக்கும் அதையே சொல்வேன். அதே சமயம் ராம் ஆஷ்ரயாவின் அன்னாசிப்பழ ஷீராவை யாராவது கலப்படம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரவைக் கேசரியில் ஏற்கெனவே சர்க்கரையும் நெய்யும் ஏலக்காயும் இருக்கின்றன. அதில் விடுபட்டிருந்த புளிப்பை அன்னாசி கொண்டுவந்தது.

புளிப்பு என்றதும் நான் எப்போதும் பார்க்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சீஸும் சாஸும் போட்டிருந்தாலும், தோசையின் ஓரத்தில் எதுவும் படாத ஒரு துண்டைப் பிய்த்து முதலில் வாயில் போடுங்கள். உளுந்தும் அரிசியும் இரவு முழுக்கப் பொங்கிய இளம்புளிப்பு தெரிய வேண்டும். அது இருந்தால் மேலே வந்த கொழுப்பையும் உப்பையும் அது தாங்கிக்கொள்ளும். நாலு வாய்க்குப் பிறகும் திகட்டாது. புளிப்பே இல்லாத அவசர மாவு என்றால் மேலே எதைப் போட்டும் பலனில்லை. தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சட்னியை ஒதுக்கிவிடாதீர்கள். வெண்ணெயிலும் உப்பு, சீஸிலும் உப்பு, சோயாவிலும் உப்பு. நடுவில் அதை ஆற்ற இருப்பது அது ஒன்றுதான்.

உட்கார்ந்து சாப்பிடும் முறையும் இந்தக் கலப்பில் சேர்த்தி. கஃபே மெட்ராஸில் ஞாயிற்றுக்கிழமை காலை நடைபாதையில் பேர் கொடுத்துக் காத்திருப்பீர்கள். உள்ளே போனால் முன்பின் தெரியாத குடும்பத்தோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். "டிப்பா, தனியாவா?" என்று கேட்பார் பரிமாறுகிறவர். இட்லியைச் சாம்பாரில் முக்கித் தரட்டுமா, தனித்தனியாக வேண்டுமா என்று அர்த்தம். நீங்கள் தனியாகக் கேட்பீர்கள். எதிரே உட்கார்ந்த குஜராத்தி அம்மா டிப் கேட்பார், பேரனுக்கு சீஸ் தோசை சொல்வார். உங்கள் பிள்ளை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் உங்கள் மேசையிலும் சீஸ் தோசை. செம்பூரிலும் இதே கதைதான். பிரிவினைக்குப் பிறகு முகாமில் குடியமர்ந்த சிந்திகளும், டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்துக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வேலைக்கு வந்த தமிழர்களும் அடுத்தடுத்த தெருவில் இருந்தால், சிந்திகளின் தால் பக்வானும் தோசையும் ஒரே காலை நேரத்தில் வந்துவிடுகின்றன.

ஆனால் மாட்டுங்காவையும் செம்பூரையும் மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். காலையில் மும்பைத் தெருக்களில் ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அழுத்திக்கொண்டு சைக்கிளில் இட்லி வடை விற்கும் அண்ணாக்களில் ஏராளமானவர்கள் தாராவித் தமிழர்கள். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வேர்விட்ட இடம் அது. அங்கே குறுகலான சந்துகளில், வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கும் அறைகளில், மதியம் ஊறவைத்து, மாலையில் கிரைண்டரில் ஆட்டி, விடியுமுன் எழுந்து ஆவியில் வைக்கிறார்கள். வெள்ளை காலர் தென்னிந்தியர்களின் வரலாறாக மாட்டுங்காவைச் சொல்லும்போது, நகரம் தினமும் தின்கிற இட்லியை ஆட்டுகிற கைகளை விட்டுவிடுகிறோம். அது எனக்கு உறுத்துகிறது.

அந்தத் தாராவியை மறுநிர்மாணம் செய்யும் ஒப்பந்தத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2000ஆம் ஆண்டு தொடங்குமுன் தரைத்தளத்தில் குடியிருந்த தகுதியுள்ள குடும்பங்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் வீடு என்கிறார்கள். குடியிருக்க அது போதலாம். அடுக்குமாடி வீட்டில் வைக்கிற கிரைண்டர் எது, விடியற்காலையில் இரைச்சலோடு அது ஓடினால் மேல்மாடிக்காரர் என்ன சொல்வார், நிறைய அரிசி ஊறவைக்கத் தண்ணீர் எந்நேரம் வரும், சைக்கிளை எங்கே நிறுத்துவது, தரைத்தளம் இல்லாதவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் வேறெங்கோ வீடு கொடுத்தால் அங்கிருந்து மாஹிமுக்கும் சயானுக்கும் சூடு ஆறாமல் எப்படி வந்து சேர்வது? இந்தக் கேள்விகளுக்கு வீட்டின் அளவைச் சொல்வது பதிலாகாது. மாவு ஆட்டவும் ஆவியில் வைக்கவும் தரைத்தளத்தில் பொதுச் சமையல்கூடங்கள் வேண்டும், தாராவிக்குள்ளேயே வேண்டும், இட்லிக்காரர்களைக் கேட்டு, அவர்கள் சொல்கிற நேரத்துக்குத் தண்ணீர் வருகிறபடி கட்ட வேண்டும்.