மையக் கூற்றை மதிப்பிடுதல்

வரலாற்று இடுபணியைச் செய்யும் மாணவர் தகவல்களைத் திரட்டுவதோடு நின்றுவிடலாகாது. திரட்டியவற்றை ஆராய்ந்து தாம் கண்ட முடிவை ஓரிரு வாக்கியங்களில் கூறி, அதனைச் சான்றுகளால் நிறுவ வேண்டும். அந்த முடிவே மையக் கூற்று எனப்படும். மையக் கூற்று இல்லாத இடுபணி, எத்தனை பக்கங்களைக் கொண்டிருந்தாலும் வெறும் தகவல் தொகுப்பாகவே அமைந்துவிடும். ஆகவே, எழுதத் தொடங்கும் முன்பே அதனை மதிப்பிடுவது இன்றியமையாதது.

கெடாவின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கெடா பழங்காலத்தில் கடாரம் என்று அழைக்கப்பட்டது. இத்தலைப்பில் மாணவர் மூவர் பின்வருமாறு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் மாணவர்: “முதலாம் இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டில் கடாரத்தின்மீது படையெடுத்தான்.”

இரண்டாம் மாணவர்: “கடாரப் படையெடுப்பு தமிழர்களுக்குப் பெருமை சேர்த்த நிகழ்வாகும்.”

மூன்றாம் மாணவர்: “கடாரத்திற்கும் சோழ நாட்டிற்கும் இடையிலான உறவு 1025ஆம் ஆண்டுப் போரால் தொடங்கவில்லை, சமயமும் வணிகமும் அதற்கு முன்பே அவ்வுறவை வளர்த்திருந்தன.”

முதல் கூற்று உண்மைதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே இப்படையெடுப்பைப் பற்றிக் கூறுகிறது. ஆயினும், அனைவரும் ஏற்றுக்கொண்ட செய்தியை மீண்டும் நிறுவத் தேவையில்லை. இரண்டாம் கூற்று உணர்வை வெளிப்படுத்துகிறது. அது சரி என்றோ தவறு என்றோ காட்டக்கூடிய சான்று எதுவும் இல்லை. மதிப்பிடுபவருக்கும் அதே பெருமித உணர்வு இருக்கலாம். எனினும் அவர் அதற்காகப் புள்ளிகள் வழங்கலாகாது. மூன்றாம் கூற்றை ஒருவர் மறுக்க முடியும். மறுப்பவருக்குச் சான்று காட்டி விடையளிக்கவும் முடியும். ஆகையால், அதுவே மையக் கூற்றாகும் தகுதியைப் பெறுகிறது.

தகுதி பெற்ற கூற்றையும் சான்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் பெயரால் ஒரு பௌத்த விகாரை எழுந்தது. அதற்கு முதலாம் இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக வழங்கினான். இதனை ஆனைமங்கலச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. இக்கொடை படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முற்பட்டது. எனவே, சமய உறவுக்கு வலுவான சான்று உண்டு. வணிகத்தின் நிலை வேறு. பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த மணிகளும் பீங்கான் ஓடுகளும் அங்குக் கடல் வணிகம் நடந்ததைக் காட்டுகின்றன. ஆனால், சோழ நாட்டுடன் 1025க்கு முன்பே வணிகம் நடந்தது என்பதை அவற்றைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது. ஆகவே, மாணவர் வேறு சான்றைத் தேட வேண்டும். அல்லது கூற்றிலிருந்து ‘வணிகமும்’ என்னும் சொல்லை நீக்க வேண்டும். இவ்வாறு கூற்றைச் சுருக்குவது தோல்வியன்று. அதுவே நேர்மையான ஆய்வாகும்.

அண்மைக்கால வரலாற்றுக்கும் இம்முறை பொருந்தும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், கெடாவின் தோட்டப்புறங்களில் தொண்டர் படை என்னும் இயக்கம் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. 1947ஆம் ஆண்டில் பீடோங் வட்டாரத்தில் அது காவல் துறையினருடன் மோதும் நிலையும் ஏற்பட்டது. “தொண்டர் படை கள்ளை மட்டுமன்றித் தோட்ட நிர்வாகத்தின் அதிகாரத்தையும் எதிர்த்தது” என்று ஒரு மாணவர் எழுதினால், அது வாதத்திற்குரிய நல்ல கூற்றாகும். ஆனால், அவர் எந்தச் சான்றுகளை நாடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அதிகாரிகளின் அறிக்கைகள் அவர்களுடைய பார்வையிலேயே எழுதப்பட்டவை. தோட்டத்து முதியவர்களின் நினைவுகள் மறுபக்கத்தைக் காட்டும். அவற்றிலும் ஆண்டும் பெயரும் மாறியிருக்கக்கூடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவரே உண்மையை நெருங்குவார். அம்முதியவர்கள் குறைந்துவரும் இக்காலத்தில், அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடலாகாது.

சுருங்கக் கூறின், மையக் கூற்று மறுக்கத்தக்கதா, காலமும் இடமும் வரையறுக்கப்பட்டதா, மாணவரால் திரட்டக்கூடிய சான்று அதற்கு உண்டா என்னும் மூன்று வினாக்களே மதிப்பீட்டின் அளவுகோல்களாகும். மதிப்பிடுபவர் அம்முடிவை விரும்புகிறாரா என்பது அளவுகோலன்று. தமக்குப் பிடித்த முடிவையும் இவ்வினாக்களால் சோதித்துப் பார்க்கும் மாணவரே வரலாற்றை முறையாகக் கற்றவராவார்.