30 வருஷமா காணோம்... க்ரைம் நாவலில் த்ரில், நிஜத்தில் சட்டம் என்ன சொல்லுது?

செல்போனுக்கு முந்தைய தலைமுறைக்கு, பஸ் ஏறும் முன் கடையில் ஒரு பாக்கெட் நாவல் வாங்குவது வழக்கம். அட்டையில் அடிக்கடி கண்ட பெயர், கோவைக்காரரான ராஜேஷ்குமார். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். அவருடைய விவேக், ரூபலா ஜோடி பல வாசகர்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

துப்பறியும் கதைகளுக்கு ரொம்பப் பிடித்த முடிச்சு ஒன்று உண்டு. சின்ன ஊர். பல வருஷம் முன்பு வெளியே போனவர் திரும்பவில்லை. ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருநாள் தோட்டத்துக் கிணற்றைத் தூர் வாருகிறார்கள், ஓர் எலும்புக்கூடு கிடைக்கிறது. கிணறுகளுக்குப் பஞ்சமில்லாத கொங்கு மண்ணுக்குக் கச்சிதமான கதைக்களம்தான்!

ஆனால், நாவலில் துப்பறிவாளர் வரும்வரை அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பது பெரும்பாலும் வராது. கணவர் பெயரில் தோட்டம், பேங்க் கணக்கு, பாலிசி. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் எதையும் மாற்ற முடியாது. உடலே இல்லாதபோது சான்றிதழ் எங்கிருந்து வரும்?

இங்கேதான் '7 வருஷ' கணக்கு வருகிறது. ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்கெல்லாம் இயல்பாகத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கு 7 ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையா? அப்படியானால் 'அவர் உயிரோடு இருக்கிறார்' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1872-ம் வருஷ சாட்சியச் சட்டத்தில் இது 108-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 111.

7 வருஷம் முடிந்த மறுநாளே ஆட்டோமேட்டிக்காக 'இறந்தவர்' ஆகிவிடுவாரா? இல்லை. கோர்ட்டில் கேள்வி எழும்போதுதான் இந்த அனுமானம் உதவும். இன்னொரு சிக்கலும் உண்டு. எல்ஐசி தொடர்பான வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், இறந்துவிட்டதாக அனுமானிக்கலாம், ஆனால் எந்தத் தேதியில் இறந்தார் என்று அனுமானிக்க முடியாது என்றது. தேதியை அதைச் சொல்பவரே நிரூபிக்கணும். அந்தக் குடும்பம் பிரீமியம் கட்டுவதை நிறுத்தியிருந்தது, பாலிசி காலாவதி. முழுத்தொகை கிடைக்கவில்லை. கணவரே இல்லாத வீட்டில் பிரீமியத்தை யார் கட்டுவது என்று கேட்கத் தோன்றும்தான்.

மறுமணம் செய்ய நினைப்பவருக்கு, 1955-ம் வருஷ இந்து திருமணச் சட்டப்படி இதே 7 ஆண்டுத் தகவலின்மை விவாகரத்துக்கு ஒரு காரணம்.

சட்டம் ஏன் இவ்வளவு தயங்குகிறது? 1984-ல் கேரளாவின் மாவேலிக்கரை அருகே எரிந்த காரில் கிடந்த உடல், சுகுமார குருப்புடையது என்று முதலில் நம்பினார்கள். இறந்தது வேறொருவர். இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தன்னை இறந்தவராகக் காட்டப் போட்ட திட்டம் அது. துல்கர் சல்மான் நடித்த 'குருப்' (2021) இதை வைத்து வந்த படம்தான். நிஜ குருப் இன்றுவரை சிக்கவில்லை.

கிணற்று எலும்புக்கூட்டுக்கு வருவோம். கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது. 30 வருஷம் கழித்தும் வழக்குப் போடலாம். எலும்பு, பல்லில் டிஎன்ஏ கிடைத்தால் பிள்ளைகளுடையதோடு ஒப்பிடலாம். ஆனால் ஆள் காணாமல் போன அன்றே போலீஸில் புகார் பதிவாகியிருந்தால் வேலை பாதி சுலபம். 'அவரே வந்துடுவாரு' என்று சொந்தபந்தம் சொன்னாலும், எஃப்ஐஆர் நகலை வாங்கி பீரோவில் வையுங்கள். 7 வருஷம் கழித்து கோர்ட்டில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.