கிரீடமும் கலஹா பஸ்ஸின் மிதிபலகையும்

கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பேராதனைக்கு வரும் காலை பஸ்ஸில், எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறும் அம்மாமாரைக் காணலாம். செல்லத்துக்காகத் தூக்கி வருவதில்லை; பிள்ளைக்கு நடக்க வராது. லயத்திலிருந்து ரோட்டுக்கு வரப் படிக்கட்டு. பிறகு பஸ்ஸின் உயரமான மிதிபலகை. இறங்கியதும் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையின் கிளினிக் வரிசை. இந்தப் பிள்ளைக்காகப் பேசுகிறேன் என்று கிரீடம் சூடிய பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கண்டிக்கு வந்தால், அவளிடம் நாம் என்ன எதிர்பார்க்கலாம்?

அழகுராணிக்கும் சமூக சேவைக்கும் என்ன முடிச்சு என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு வரலாறு. உலக அழகிப் போட்டியை நடத்தும் ஜூலியா மோர்லி, 'நோக்கமுள்ள அழகு' என்ற பெயரில் 1972-இல் தொண்டுப் பணியைப் போட்டியோடு இணைத்தார். அமெரிக்காவில் இது வேறு வழியாக வந்தது. 1988-ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்காவான கே லானி ரே ராஃப்கோ ஒரு தாதி. பட்டம் பெற்ற பின்னும் அவர் ஓயாமல் நோயாளர் பராமரிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அமைப்பாளர்கள், மறுவருடத்திலிருந்து ஒவ்வொரு போட்டியாளரும் ஒரு சமூகப் பிரச்சினையைக் கையிலெடுத்துத்தான் மேடை ஏற வேண்டும் என்று விதித்தார்கள். பதின்ம வயதினருக்கான போட்டிகளுக்கும் அந்த வழக்கம் பரவியது. அங்கே பள்ளிப்பருவத்துப் பெண்கள் ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், செவிப்புலன் குறைபாடு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பட்டத்துக்குரிய ஒரு வருடம் முழுக்கப் பேசுவது சாதாரணம்.

பேசுபவருக்கே அந்தக் குறை இருக்கும்போது கதை மாறுகிறது. ஹீதர் வைட்ஸ்டோனுக்குப் பதினெட்டு மாதக் குழந்தையாக இருக்கையில் செவிப்புலன் போயிற்று. 1994 செப்டம்பரில் 1995-க்கான மிஸ் அமெரிக்காவாக அவர் பெயரை அறிவித்தபோது அது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர் கையால் காட்டிய பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் கைதட்டவில்லை. சைகைமொழியை விட்டு வாயால் பேசுவதை முன்னிறுத்துகிறார் என்று செவிப்புலனற்ற சமூகத்துக்குள்ளேயே மனத்தாங்கல் எழுந்தது. யாருடைய குரலில் யாருக்காகப் பேசுவது என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் ஏபி கரன். இலினாய் மாநிலத்துக்காரர்; பிறவியிலேயே மூளை முடக்குவாதம். ஊர்ப் போட்டிகளில் கலந்துகொண்டிருந்த அந்தப் பெண், 2004-இல், தன் பதின்ம வயதிலேயே, மாற்றுத்திறன் கொண்ட சிறுமிகளுக்கென்று தனிப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். 'உன்னால் முடியும்' என்பதுதான் அதன் பெயரின் பொருள். நான்கு வருடம் கழித்து 2008-இல் மிஸ் அயோவா யூஎஸ்ஏ பட்டத்தோடு தேசியப் போட்டி மேடையிலும் நடந்தார். 2013-இல் அந்தச் சிறுமிகளின் போட்டியைப் பற்றி எச்பிஓ ஓர் ஆவணப்படம் வெளியிட்டது. அவர் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியதோடு நிற்காமல், மைக்கை அவர்கள் கையிலேயே கொடுத்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமியிடம் 'உனக்கு என்ன பிடிக்கும்' என்று கேட்டுவிட்டு, அவள் வார்த்தை தேடி முடிக்கும்வரை மண்டபமே காத்திருக்கும். நம் ஊர் விழாக்களில் அந்தப் பதிலை அம்மா சொல்லிவிடுவார், அல்லது அதிபர் சொல்லிவிடுவார்.

இலங்கைக் கிரீடங்களில் உலகச் செய்தியானது, 2021 ஏப்ரலில் கொழும்பு மேடையில் வெற்றியாளரின் தலையிலிருந்து பிடுங்கப்பட்டதுதான்! ஆனால் கிரீடம் வேறு வழியிலும் போயிருக்கிறது. 1984-இல் திருமதி உலக அழகியான ரோசி சேனாநாயக்க, 2015-இல் சிறுவர் விவகார இராஜாங்க அமைச்சராகவும், 2018-இல் கொழும்பின் முதல் பெண் மேயராகவும் ஆனார்.

சரி, கண்டிக்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்கு, அதாவது 16 இலட்சம் பேருக்கு மேல், ஏதோவொரு இயலாமை உண்டு. சட்டம் இல்லையென்று சொல்ல முடியாது. 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் சக்கர நாற்காலி போக வழி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006-இல் வந்தன. அவை காகிதத்தில் தூங்கியதால், தானே சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போனார். 2011 ஏப்ரலில் புதிய பொதுக் கட்டடங்களுக்கு அவ்விதிகள் கட்டாயம் என்று தீர்ப்பு வாங்கினார். 2016-இல் இயலாமையுடையோரின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது.

கண்டியில் மலையும் ஒரு எதிர்க்கட்சிக்காரர். ஹந்தானையிலோ புசல்லாவையிலோ ஒரு லயத்துக்குச் சக்கர நாற்காலி அன்பளிப்புச் செய்து படம் எடுத்துக்கொள்ளலாம்; படம் எடுத்த இடத்தைத் தாண்டி நாற்காலி நகராது, அடுத்த அடி படிக்கட்டு. திகனவில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் தோட்டத்திலிருந்து அங்கே போய்வர இரண்டு மூன்று பஸ். அம்மாவுக்கு வேலைப் பதிவில் ஒரு நாள் பெயரும் போச்சு, சம்பளமும் போச்சு. இயன்மருத்துவம் மாதத்துக்கு ஒரு தடவை என்றால் தசை அதுவரை பொறுத்திருக்காது, இறுகிக்கொண்டே போகும். பேச்சுப் பயிற்சி கொடுப்பவரின் மொழி வேறு, பிள்ளை வீட்டில் கேட்கும் மொழி வேறு என்றால், பயிற்சியில் பாதி வழியிலேயே சிந்திவிடும். தோட்டத்துப் பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சேரும் மென்கஃபெப் போன்ற அமைப்பு பக்கத்து நுவரெலியாவில் வேலை செய்வதன் அருமை இதைப் பார்த்தால்தான் புரியும்.

ஆகவே கிரீடத்தோடு வரும் பெண்ணுக்கு ஒரு வேலைத்திட்டம் கொடுக்கச் சொன்னால், பரிசுப் பொதி விநியோகத்தை நான் பட்டியலின் கடைசியில் வைப்பேன். முதலில் அவள் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம், இந்தப் பிரிவில் பாடசாலைக்கே போகாத விசேட தேவையுடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்கட்டும். கட்டாயக் கல்வி வயது பதினாறு என்று 2016-இல் உயர்த்திய நாட்டில் அந்த எண்ணிக்கை ஒரு பதிவேட்டில் இருந்தாக வேண்டும். பிறகு வலயக் கல்வி அலுவலகத்தில், விசேட கல்வி அலகு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளின் பெயரைக் கேட்கட்டும். நீ என்ன கேட்பது என்று ஒரு அம்மாவை அனுப்பிவிடுவது சுலபம். பத்திரிகைக்காரரும் கூடவே வந்து நிற்கும் பெண்ணை அப்படி அனுப்ப முடியாது.

இன்னொரு நாள், கிளினிக் தினத்தில், கேமராவைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவோடு கலஹா பஸ்ஸில் ஏறட்டும். எட்டு வயதுப் பிள்ளையை ஒரு கையாலும் பஸ் கம்பியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் "முன்னுக்குப் போங்க" என்று கத்துவதையும் கேட்டுக்கொண்டு, பேராதனை வரைக்கும்.