மகாவலி எங்கே முடிகிறது?

மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக்குடாவில் விழும் இடத்தைக் காட்டி, "ஆறு இதோட முடிஞ்சுது" என்பார்கள். வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. மலையகத்தில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடிய ஆறு அங்கே நின்றுவிடுகிறது. ஆனால் நீர்தான் அங்கே கடலோடு கலக்கிறது. ஆற்றின் வேலை அங்கே முடிவதில்லை. அந்த இடத்துக்கு அப்பாலும் போய்ப் பார்ப்போம்.

முதலில், ஆறு கொண்டுவரும் சுமை. ஆற்றுமணலில் ஒரு பிடி அள்ளி வெயிலில் விரித்துப் பாருங்கள். வெள்ளைப் படிகக்கல் துணுக்குகள், மினுங்கும் மைக்காச் செதில்கள், இடையிடையே சிவந்த கானெற் மணிகள். எல்லாம் மேலே எங்கோ பாறையாக இருந்தவை. இந்தச் சுமை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வருவதில்லை. வடகீழ்ப் பருவமழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் ஆறு கலங்கிப் பெருகும்போதுதான் பெரும்பங்கு இறங்குகிறது.

குடாவை அடைந்ததும் ஓட்டம் தளர்கிறது. பாரமான மணல் உடனே படிகிறது. நொய்ந்த சேறு சற்றுத் தள்ளிப் போய் அமர்கிறது. வழக்கமான ஆறென்றால் இந்த வண்டல் மேடாகி, கழிமுகம் கடலுக்குள் நீண்டிருக்கும். இங்கேயோ குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கின் தலைப்பு இருக்கிறது. திருகோணமலைப் பள்ளத்தாக்கு என்ற அந்த ஆழ்ந்த இடுக்கு, கீழே 3000 மீற்றருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கிச் செல்கிறது.

களத்தில் நெல்லைக் குவிக்கும்போது ஓர் அளவுக்கு மேல் குவியல் சரியும் அல்லவா? பள்ளத்தாக்கின் விளிம்பில் சேர்ந்த வண்டலும் அப்படித்தான் சரிகிறது. சரிந்த சேறு கடல்நீரோடு கலந்து, சுற்றியுள்ள நீரைவிடப் பாரமாகி, அடியைத் தேய்த்தபடி பாய்கிறது. இதைக் கலங்கல் ஓட்டம் என்போம். கடலுக்குள் ஓடும் ஆறு என்றாலும் பொருந்தும்.

"கடல் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறே இந்தப் பள்ளத்தாக்கைத் தோண்டியிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அதுவரையுள்ள மேற்பகுதியை ஆறு அரித்திருக்கலாம். அதற்குக் கீழே இருப்பது 3000 மீற்றர்க் கணக்கு. பாறை பலவீனமாக இருந்த வழியைப் பற்றிக்கொண்டு, நெடுங்காலம் பாய்ந்த வண்டலே அதை ஆழமாக்கியது என்பதுதான் பொருந்தும் விளக்கம்.

இதில் நமக்கொரு கணக்கும் உண்டு. பள்ளத்தாக்கில் விழுந்த மணல் கரைக்குத் திரும்பாது. மேலே விக்டோரியா, ரந்தெனிகல போன்ற நீர்த்தேக்கங்கள் ஒரு பங்கைத் தடுத்துவைக்கின்றன. எஞ்சியதுதான் ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும். அதையும் கட்டடத்துக்கென்று அளவின்றி அள்ளினால் கரை அரிக்கப்படும். பள்ளத்தாக்கு எடுக்கும் பங்கை நம்மால் தடுக்க முடியாது. நாம் எடுக்கும் பங்கையாவது அளவோடு எடுப்போம்.